மூட்டம் குடிக்கும் மரங்கள்

கோல்டன் கேட் பாலத்தைக் கடந்தோம். பார்க்கவில்லை.

ஜூலை மாதம், காலை ஏழரை மணி. செங்காவி நிறத் தூண் இரண்டு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அதற்கு மேல் வெள்ளை. தூண்களின் உயரம் 746 அடி என்று படித்துவிட்டு, போட்டோ எடுக்கக் கைபேசியைத் தயாராகப் பிடித்திருந்தவள், அதை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"ஏனுங்க, இதுக்கா இத்தனை தூரம் வந்தோம்?"

"டோல் வாங்காம விட்டான் பாரு, அந்த வரைக்கும் லாபம்" என்றார். வடக்கே போகிற வண்டிகளுக்கு இந்தப் பாலத்தில் சுங்கம் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவுக்குள் திரும்பும்போதுதான் கட்ட வேண்டும்.

என் கணவர் மேட்டுப்பாளையம் - ஊட்டி மலைப்பாதையில் 31 ஆண்டு பஸ் ஓட்டியவர். நான் குன்னூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வுபெற்ற பிறகு, சன்னிவேலில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு வந்திருந்தோம். "லீவு கிடைக்கட்டும்மா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். ஆறு வாரம் பார்த்தோம். லீவு கிடைக்கவில்லை. ஊரிலிருந்து எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்த சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை அவர் பெட்டியிலிருந்து எடுத்தார். வாடகைக்குக் கார், நான்கு நாள். கரையோரமாகவே வடக்கே போய், ஆரிகன் எல்லையை ஒட்டிய கிரசென்ட் சிட்டி வரைக்கும் போய்த் திரும்புவது என்று திட்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மூடுபனியை யாரும் மூடுபனி என்று சொல்வதில்லை. மிஸ்ட், இல்லாவிட்டால் மூட்டம். மிஸ்ட் இறங்கும் நாளில் கடைசி டிரிப் முடித்து அவர் வீடு சேர இரவு பத்தாகும். ஸ்வெட்டரைச் சுற்றிக்கொண்டு கேட்டருகே நிற்பேன். "ரோடு எப்படிங்க இருந்துது?" என்பேன். "ரோடு ரோடாத்தான் இருந்துது" என்பார். 31 ஆண்டும் இதே பதில்தான். எங்களிடம் கார் கிடையாது, ஸ்கூட்டர் மட்டும். அவர் பஸ்ஸில் ஏறினாலும் எனக்குப் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசைதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியே அவர் பார்க்கும் ரோட்டை நான் பார்த்ததே இல்லை.

ஒன்றாம் எண் சாலை

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெருஞ்சாலையை விட்டு, கடலை ஒட்டிய ஒன்றாம் எண் சாலைக்குத் திரும்பினோம். இங்கிருந்து லெகெட் என்ற சிற்றூர் வரை 300 கிலோமீட்டருக்கு மேல் வளைவும் நெளிவுமாகப் போகும் இருவழிச் சாலை. இடப்பக்கம் செங்குத்தாகக் கடல், பல இடங்களில் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது.

முதல் ஒரு மணி நேரம் அவருடைய இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடிக்கொண்டிருந்தது. இண்டிகேட்டர் போடப் போய் வைப்பரைத் தட்டிவிடுவார். மழையே இல்லாத ஊரில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் எங்கள் வைப்பர் ஆடியது. ஆனால் மூட்டம் கெட்டியாக இறங்கியதும் ஆள் மாறிவிட்டார். தோள் தளர்ந்தது. பேச்சு நின்றது. வேகம் தானாகக் குறைந்தது.

எதிரே ஒரு கார் பளீரென்று விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து கடந்தது. "பிரைட் போடறான் பாரு" என்று முனகினார். மூட்டத்தில் அதிக வெளிச்சம் போட்டால் கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். மூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள்தானே. ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைச் சிதறடித்து ஓட்டுபவர் முகத்துக்கே திருப்பி அனுப்பும். டிம் போட்டால் வெளிச்சம் தாழ்ந்து ரோட்டில் விழும். இதை நான் வகுப்பில் ஒளிச்சிதறல் என்று சொல்லியிருப்பேன். அவர் கல்லாரில் பழகும்போது ஒரு மூத்த டிரைவர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தாராம்.

"ரொம்பக் கெட்டியா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"கண்டக்டர் டார்ச்சோட எறங்கி முன்னால நடப்பாரு. அவரு காலைப் பாத்துட்டே பின்னாலயே போவேன்."

"என்கிட்டச் சொன்னதே இல்லையே."

"சொன்னா நீ தூங்குவியா?"

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால், மெதுவாகப் போகிறவர் ஒதுங்கி வழிவிடுவதற்கென்றே இச்சாலையில் அங்கங்கே அகலப்படுத்திய இடங்கள் உண்டு, அறிவிப்புப் பலகையோடு. ஒவ்வொன்றிலும் ஒதுங்கினார். நன்றி சொல்லி ஒரு கை வெளியே நீளும். இவரும் கையைத் தூக்குவார். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டுப் பழகியவருக்கு இது புதிதல்ல.

நண்பகலில் ராஸ் கோட்டையில் நிறுத்தி, கட்டிவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். அமெரிக்க மண்ணில் ரஷ்யர்கள் கட்டிய மரக்கோட்டை இது. கடல்நீர்நாய்த் தோலுக்காகவும், அலாஸ்காவில் இருந்த தங்கள் ஆட்களுக்குத் தானியம் விளைவிக்கவும் 1812இல் வந்தவர்கள், தோலும் தீர்ந்து விளைச்சலும் கைகொடுக்காமல் 1841இல் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை முழுக்க ரெட்வுட் மரம். தமிழில் செம்மரம் என்று சொல்லிப் பார்த்தேன். "செம்மரமா? போலீசு புடிக்காதா?" என்றார். ஆந்திராவிலிருந்து கடத்துகிறார்களே, அந்தச் செம்மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஊசியிலைக் குடும்பம். ஆகவே ரெட்வுட் என்றே எழுதுகிறேன்.

இன்னும் வடக்கே பாயிண்ட் அரினா கலங்கரை விளக்கம். 1870இல் கட்டியது 1906 நிலநடுக்கத்தில் சேதமாக, 115 அடி உயரத்தில் புதிதாகக் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். மூட்டத்தில் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இக்கரை நெடுகக் கலங்கரை விளக்கங்களோடு ஊதுகொம்பும் வைத்தார்கள். ஒளி தோற்கும் இடத்தில் ஒலி. "வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கற மாதிரி" என்றார்.

இரவு ஃபோர்ட் பிராக். 2002 வரை பெரிய மர ஆலை ஓடிய ஊர். 1967 வரை ஊர்க்குப்பையைக் கடலோரத்தில் கொட்டியிருக்கிறார்கள். உடைந்த பாட்டில்களை அலை அரைத்து அரைத்துக் கற்கண்டாக்கிவிட்டது. கண்ணாடிக் கடற்கரை என்று பெயர். அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதால் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

57 டிகிரி, 91 டிகிரி

மறுநாள் காலை வெஸ்ட்போர்ட் தாண்டியதும் சாலை கடலை விட்டு மலைக்குள் ஏறியது. வண்டியின் முகப்பில் வெளி வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் 57. காட்டு வளைவுகளில் ஏற ஏற 63, 70, 82. ஒன்றரை மணி நேரத்துக்குள் லெகெட்டில் இறங்கியபோது 91. நம் கணக்கில் 14 டிகிரியிலிருந்து 33. ஸ்வெட்டரைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்தேன். வானம் பளிங்கு மாதிரி நீலம்.

"டீச்சர், இது என்ன கணக்கு?" என்றார். எனக்குச் சந்தோஷம் வரும்படி அவர் கேட்கும் கேள்விகள் குறைவு. விடுவேனா?

கோடை மாதங்களில் இக்கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகக் காற்று வீசும். அது கடலின் மேல்நீரைத் தள்ளும். பூமி சுழல்வதால் அந்த நீர் நேராகத் தெற்கே போகாமல் வலப்புறமாக ஒதுங்கும். தெற்கு பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் நடுக்கடல். கரையோரத்து மேல்நீர் இப்படி விலகிப் போனால், அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் கேரளக் கரையிலும் இதே மாதிரி அடிநீர் மேலே வரும். மத்தி மீன் கொழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பசிபிக்கின் மேல் நெடுந்தூரம் தவழ்ந்து ஈரமாக வரும் காற்று, கரையோரத்து இந்தக் குளிர்நீரைத் தொட்டதும் வியர்க்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதுபோல. அந்த வியர்வைதான் மூட்டம். அதற்கு மேலே உயரத்திலிருந்து இறங்கும் வெப்பமான உலர்காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் அதை எழும்பவிடாமல் அமுக்கும். உள்நாட்டுப் பள்ளத்தாக்கிலோ வெயில் கொளுத்தும். அங்கே சூடான காற்று மேலே போக, காலியான இடத்துக்குக் கடல்காற்று இழுபடும். ஆற்று வாய்கள், மலையிடுக்குகள் வழியே மூட்டம் உள்ளே புகுவது இப்படித்தான். உள்ளே வெயில் ஏற ஏறக் கரையில் குளிர் கூடும்.

"அப்போ வெயிலடிச்சாத்தான் மிஸ்ட் வருமா?"

"இந்த ஊர்ல அப்படித்தானுங்க."

"நம்மூர்ல மழையடிச்சாத்தானே வரும்" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நம் மலைகளில் ஜூலை என்றால் மழைக்காலம். இங்கே மழை குளிர்காலத்தோடு சரி. மே முதல் செப்டம்பர் வரை வானத்திலிருந்து விழுவது மிகக் குறைவு. அந்த ஐந்து மாதமும் உலகத்திலேயே உயரமான மரங்கள் எதைக் குடிக்கின்றன?

வாழையடி மரம்

லெகெட்டில் ஒரு ரெட்வுட் மரத்தின் அடியில் 1930களில் குடைந்த ஓட்டை வழியாகக் காசு வாங்கிக்கொண்டு காரை விடுகிறார்கள். "உசுரோட நிக்கற மரத்துல எதுக்கு ஓட்டை?" என்று சொல்லிவிட்டார், போகவில்லை. அங்கிருந்து 101ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய், அதிலிருந்து பிரியும் 50 கிலோமீட்டர் பழைய சாலையில் திரும்பினோம். 'அரக்கர்களின் வீதி' என்று பெயர். இருபுறமும் ரெட்வுட். பகல் பன்னிரண்டுக்கு அவர் டிம் லைட் போட்டார்; அவ்வளவு நிழல்.

இறங்கி நடந்தோம். உயரத்தைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதன் தலையில் இன்னொரு முக்கால் விமானத்தைத் தூக்கி வைத்தால், இந்த இனத்தில் மிக உயரமான மரம் வரும்: 380 அடி. ஹைபீரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2006இல்தான் கண்டுபிடித்தார்கள். இருக்குமிடத்தை ரகசியமாக வைத்தும் மோப்பம் பிடித்துப் போனவர்கள் வேர்மண்ணை மிதித்து இறுக்கிவிட்டதால், 2022இல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடியது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

இவ்வளவு பெரிய மரத்தின் கூம்புக்காய் ஓர் அங்குலம். விதை தக்காளி விதை அளவு. ஆனால் விதையை மட்டும் நம்பி இது வாழவில்லை. வெட்டினாலும் எரிந்தாலும் அடிக்கட்டையைச் சுற்றிப் பக்கக்கன்று விடும். தாய்மரம் மக்கிப்போன பிறகு வட்டமாக நிற்கும் பிள்ளை மரங்களைக் காட்டினேன். "வாழை" என்றார் ஒரே சொல்லில். ஈராயிரம் ஆண்டு வாழ்ந்த மரங்கள் உண்டு. பட்டை ஓர் அடி கனம், எளிதில் தீப்பிடிக்காது. வேர் மட்டும் ஆழமில்லை. பத்துப் பன்னிரண்டு அடிக்குள் நின்று, பக்கவாட்டில் நூறு அடி வரை ஓடி, அடுத்த மரத்து வேர்களோடு பின்னிக்கொள்கிறது. நிறுவனர் தோப்பு என்ற இடத்தில், 1991 மார்ச்சில் சாய்ந்த டையர்வில் ஜயன்ட் என்ற மரம் அப்படியே கிடக்கிறது. நின்றபோது சுமார் 360 அடி. விழுந்த சத்தத்தைத் தொலைவில் கேட்ட ஒருவர் ரயில் கவிழ்ந்தது என்று நினைத்தாராம். அதன் பிடுங்கிய வேர்ப்பகுதிக்குக் கீழே நின்றபோது, பஸ் ஷெட்டில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு. உடல்மேல் பெரணியும் குட்டி மரங்களும் முளைத்திருந்தன.

குடிநீர்க் கேள்விக்கு விடை மறுநாள் காலை கிடைத்தது. யுரீகாவில் தங்கி, விடிந்ததும் பிரெய்ரி கிரீக் காட்டுக்குள் போனோம். மூட்டம் மரங்களுக்கு நடுவே நின்றிருந்தது. மரத்தடியில் இறங்கியவர் தலையைத் தடவிக்கொண்டு, "மழை தூறுதா?" என்றார். வெட்டவெளியில் போய் நின்றார். தூறல் இல்லை. மறுபடி மரத்தடிக்கு வந்தார். பட், பட்டென்று விழுந்தது. மூட்டத்துளிகள் ஊசி இலைகளில் மோதி ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, கனம் தாங்காமல் சொட்டுகின்றன. மரம் தன் காலடிக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறது.

டாட் டாசன் என்ற தாவரவியலாளர் இந்தச் சொட்டை மூன்று ஆண்டு அளந்து 1998இல் வெளியிட்டார். ரெட்வுட் காட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூட்டத்தின் கொடை. மரம் இல்லாத இடத்தில் அதில் பாதிதான். இலைகள் ஈரத்தை நேரடியாகவும் உறிஞ்சுகின்றன. வேரிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் நீரை இழுப்பது மரத்துக்குப் பெரும்பாடு. மரங்கள் 122 முதல் 130 மீட்டருக்கு மேல் வளர முடியாது என்று 2004இல் ஓர் ஆய்வு கணித்ததும் அதனால்தான். உச்சியிலேயே தண்ணீர் கிடைத்தால் அந்தப் பாடு கொஞ்சம் குறையும். ரெட்வுட் காடு பெரும்பாலும் மூட்டம் எட்டும் கரையோரப் பட்டையோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் நீலகிரிச் சோலைகளிலும் பாசி படர்ந்த கிளைகள் இப்படித்தான் மிஸ்டைப் பிடித்துச் சொட்டவிடும். பிள்ளைகளுக்கு அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். அவர் தலையில் சொட்டிய பிறகுதான் அந்த ஒரு வரியின் கனம் எனக்கே தெரிந்தது.

நூற்றில் ஐந்து

1850 வாக்கில் இக்கரையில் 20 லட்சம் ஏக்கர் ரெட்வுட் இருந்தது. தங்கம் தேடி வந்தவர்கள் மரத்தைக் கண்டார்கள். சான் பிரான்சிஸ்கோ எழும்பியது இந்த மரத்தால். 1906 நிலநடுக்கத்தில் எரிந்த நகரம் மறுபடி எழுந்ததும் இதனால். இன்று வெட்டுப்படாத பழங்காடு நூற்றில் ஐந்து பங்குதான். அதுவும் சும்மா மிஞ்சவில்லை. 1918இல் ரெட்வுட் காப்புக் கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஹம்போல்ட் மாவட்டப் பெண்கள் தனியாக ஒரு கழகம் கண்டார்கள். நன்கொடை திரட்டித் தோப்புத் தோப்பாக விலைக்கு வாங்கினார்கள். தேசியப் பூங்கா வந்தது 1968இல். 1978இல் அதை விரிவாக்கியபோது சேர்த்த நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே மொட்டையடிக்கப்பட்டிருந்தது.

கோடரியிலிருந்து மரத்தைக் காக்கலாம். மூட்டத்தைக் காக்க வேலி கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் கோடை மூட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக டாசனும் இன்னொருவரும் சேர்ந்து 2010இல் கணக்கிட்டார்கள்.

கிளமத் ஆற்றைத் தாண்டும்போது யுரோக் மக்களின் ஊர் வருகிறது. காலங்காலமாக ரெட்வுட் பலகையில் வீடும், ஒரே மரத்தைக் குடைந்த ஓடமும் செய்தவர்கள். இந்த ஆற்றில் சால்மன் மீனை வழிமறித்த நான்கு அணைகளை எடுக்கச் சொல்லி அவர்களும் பக்கத்துப் பழங்குடிகளும் பல ஆண்டு போராடினார்கள். 2024இல் கடைசி அணையும் போனது; அந்த இலையுதிர் காலத்திலேயே மீன்கள் பழைய இடம் தேடி மேலே ஏறின.

கிரசென்ட் சிட்டியில் இரவு. 1964 மார்ச்சில் அலாஸ்கா நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி இவ்வூரில் 11 பேரைக் கொண்டுபோனது. முதல் அலைகள் வடிந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று கடைகளைக் கழுவத் திரும்பியவர்கள் மேல் பெரிய அலை வந்தது. நாகப்பட்டினத்தை நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: மூட்டமும் சொட்டும் பார்க்க ஜூலை, ஆகஸ்ட், தெளிந்த கடல் வேண்டுமானால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். எந்த மாதமானாலும் ஸ்வெட்டர். பாதி வழியில் கைபேசிக்குச் சிக்னல் இராது. வழியை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பாதியாகும்போதே நிரப்புங்கள்.

திரும்பும் நாள். கிரசென்ட் சிட்டிக்குத் தெற்கே, கடலுக்கு மேலே செங்குத்துச் சரிவில் 101 தொங்கும் இடத்துக்குக் 'கடைசி வாய்ப்பு ஏற்றம்' என்று பெயர். மண் ஓயாமல் சரியும் இடம். மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடத் திட்டம் இருக்கிறது. வேலை நடந்ததால் ஒருவழிப் போக்குவரத்து, எங்களை நிறுத்திவிட்டார்கள். மூட்டத்தில் பானெட்டின் முனைகூட மங்கலாக இருந்தது.

"உம் பக்கத்துக் கண்ணாடியை எறக்கு. காதுல பாரு" என்றார்.

இறக்கினேன். கீழே எங்கோ கடல். மேலே மரங்களிலிருந்து சொட்டு. எதிர்ப்பக்கம் கடைசி லாரி உறுமிக் கடந்தது. கொடிக்காரர் பலகையைத் திருப்பினார். இவர் நகரவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். காதையும் தீட்டிக் கேட்டேன்.

"போலாம், ரைட்" என்றேன்.

வண்டி நகர்ந்தது. நடந்துபோகிற வேகம்தான். அவர் கண் தூரத்தில் இல்லை. டிம் வெளிச்சம் விழும் வெள்ளைக் கோட்டில், நாலு முழம் முன்னால் இருந்தது. நானும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதைத்தான் 31 ஆண்டும் பார்த்திருக்கிறார்.

கீழே இறங்கிக் கிளமத் வந்ததும் சிக்னல் கிடைத்து மகன் போன் அடித்தான். "நேத்து ராத்திரியிலேர்ந்து லைனே கிடைக்கலையேம்மா, ரோடு எப்படி இருந்துச்சு?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோடு ரோடாத்தான் இருந்துதுப்பா" என்றேன்.